புதன்கிழமை கவர்னர்

நான் ஒரு முறை கவர்னராக இருந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜம். மொத்தம் பதினான்கு நிமிடம். அந்தப் பதினான்கு நிமிடத்தில் நாடா வெட்டினேன், பால் காய்ச்சினேன், ஒரு பிரசவ ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தேன். சம்பளம் மட்டும் தற்காலிக டைப்பிஸ்ட் சம்பளம்.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்திருந்த சமயம். திண்டுக்கல் தாலுகா ஆபீசில் எனக்கு ஆறு மாத வேலை கிடைத்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து ஆபீசுக்குப் போன முதல் பெண் நான்தான். காலையில் நான் வாசலில் நின்று குடையை விரித்தால் எதிர்ச்சாரியில் நாலு ஜன்னல் திறக்கும். எனக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பேகம்பூரில் தோல் மண்டி. அவர் என்னை வேலைக்கு அனுப்பியதே ஒரு நிபந்தனையின் பேரில்தான்.

“ஆறு மாசம் பாக்குறேன். வேலை நெலைச்சா போ, நான் குறுக்க நிக்கல. நெலைக்கலையா, வத்தலக்குண்டு மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிப்புடணும். பேச்சு மாறக் கூடாது” என்றார்.

வத்தலக்குண்டு மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. நல்லவர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நல்லவராக இருந்து என்ன செய்ய, அந்த வீட்டில் டைப்ரைட்டர் இல்லையே! அந்தக் கறுப்பு மெஷின் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். வரி முடிகிற இடத்தில் ‘டிங்’ என்று மணி அடிக்கும் பாருங்கள், அது எனக்காகவே அடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறாவது மாதம் கவர்னர் வருகை என்று தாக்கீது வந்தது. வருகை வெள்ளிக்கிழமை. என் ஆறு மாதம் முடிவது மறுநாள் சனிக்கிழமை. தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

“விசிட் நல்லபடியா முடியட்டும், உன் வேலையை நீட்டிக்கச் சொல்லி நானே எழுதுறேன். ஒரு தப்பு நடந்துச்சு, சனிக்கிழமையோட மூட்டையைக் கட்டிக்க.”

தப்பு செய்ய நான் யார்? டைப் அடிக்கிறவள். எழுத்துப் பிழை விடாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கவர்னரின் செயலாளர் மதராஸிலிருந்து வந்து இறங்கினார். ஒல்லியான, வெளுத்த மனிதர். கையை விட்டு இறக்காத ஒரு தோல் பை. ரயிலடியில் பாதிப் பேர் அவரையே கவர்னர் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவர் எல்லாருக்கும் பதில் கும்பிடு போட்டபடியே, “அவர் வெள்ளிக்கிழமை வர்றார். நான் வெறும் செக்ரட்டரி” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

வெறும் செக்ரட்டரியாம்! இரண்டே நாளில் எங்கள் ஆபீசையே பம்பரமாக ஆட்டிவிட்டார். கவர்னர் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் சாக்பீசால் ஒரு வட்டம். பெரிய மனிதர்கள் நிற்க வேண்டிய இடத்தில் சின்ன வட்டம். தன் வட்டம் சின்னதாக இருக்கிறது என்று ஒரு பிரமுகர் கோபித்துக்கொண்டு போக, இவர் பின்னாலேயே ஓடிப்போய், “உங்க வட்டம்தான் சார் நிழல்ல இருக்கு” என்று சமாதானம் செய்து கூட்டி வந்தார். அந்தத் தோல் பையில் என்னதான் இல்லை! ஊக்கு, இரண்டு கத்தரிக்கோல், ஒரு கண்டு சிவப்பு நாடா, இருமல் மிட்டாய், கவர்னருக்கு மாற்று மூக்குக்கண்ணாடி.

அவருடைய காகிதங்களை அடிக்கிற வேலை எனக்கு. அடித்துக்கொண்டிருக்கும்போதே பேசுவார்.

“என் வேலை என்னன்னு தெரியுமாம்மா? கவர்னர் எந்த இடத்துலயும் ‘அடுத்து என்ன?’ன்னு கேட்கக் கூடாது. கேட்டுட்டார்னா நான் தோத்துட்டேன்.”

“அம்புட்டுதானா சார்?”

“இன்னொண்ணு இருக்கு. ஊருக்கு எதை வேணும்னாலும் மறைப்பேன். அவர்கிட்ட மட்டும் எதையும் மறைக்க மாட்டேன். மறைச்சா, அப்புறம் அவர் பக்கத்துல நான் எதுக்கு?”

நிகழ்ச்சி நிரல் நிமிடக் கணக்கில் இருந்தது. காரிலிருந்து இறங்க ஒரு நிமிடம். மாலை ஒரு நிமிடம், அதையும் கையில்தான் வாங்குவார், கழுத்தில் போடக் கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் கடைசி வரியாக ‘குழந்தை: இரண்டு நிமிடம்’ என்று ஒன்று இருந்தது. எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

“கைக்குழந்தையைப் பார்த்தா நின்னுடுவார். வாங்கி மடியில வச்சுப்பார். யார் சொல்லியும் கேட்க மாட்டார். அதனால நானே எழுதிடறேன். குழந்தை வரலைன்னா ரெண்டு நிமிஷம் மிச்சம்” என்றார்.

அன்று சாயங்காலம் ஆத்தூர் ரோட்டில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து மனு வந்தது. அங்கே புதிதாகக் கட்டிய பிரசவ ஆஸ்பத்திரியைத்தான் கவர்னர் திறக்க வேண்டும். மனு போட்டவர் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். கத்தரியும் தென்னையும் போட்டிருக்கிற சம்சாரி. வெள்ளிக்கிழமை பதினொன்றேகால் மணி ராகுகாலம், பத்தரைக்கு முன்னாலோ பன்னிரண்டுக்குப் பின்னாலோ மாற்றித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். செயலாளர் நிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து மணிக்குத் தாடிக்கொம்பு கோயில், பன்னிரண்டுக்கு ஆத்தூர் அணை, அங்கேயே சாப்பாடு. இடையில் ஒரு ஊசி நுழைய இடமில்லை. ‘கோரிக்கை ஏற்பதற்கில்லை’ என்று பதில் அடித்து அனுப்பினேன். என்னமோ நானே மறுத்த மாதிரி ஒரு மிடுக்கோடுதான் அடித்தேன்.

புதன்கிழமை ஒத்திகை. கார்கள், ஜீப்புகள், அதிகாரிகள் எல்லாம் வரிசையாகக் கிளம்ப நிற்கிறார்கள். அப்போதுதான் செயலாளர் கேட்டார், “கவர்னராக யார் நடிக்கிறது?”

கலெக்டர் கலெக்டராக வர வேண்டும். தாசில்தார் தாசில்தாராக வர வேண்டும். டாக்டருக்கு டாக்டர் வேலை இருக்கிறது. நிரலில் எந்த வேலையும் இல்லாத ஒரே ஆள், அந்த நிரலை அடித்தவள்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தாசில்தார் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

ஆபீஸ் தாழ்வாரத்தில் செயலாளர் எனக்குக் கவர்னர் நடையைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும். எட்டு அடி நடந்தால் நின்று வலது பக்கம் தலையாட்ட வேண்டும், அங்கே யாரும் இல்லாவிட்டாலும். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தேன். நான்கு தரம் நடந்ததும், “பரவாயில்லையே, பின்னாலிருந்து பார்த்தா நானே ஏமாந்துடுவேன்” என்றார்.

கவர்னர் காரில் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து திண்டுக்கல் தெருக்களில் போனேன்! பூட்டுக் கடை, பூக்கடை, ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்கிறது. பேகம்பூர் வழியாகப் போகாதா என்று மனசு அடித்துக்கொண்டது. போகவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கிராமத்துக்குப் போனபோது மணி ஒன்பதே முக்கால். செயலாளர் கடிகாரத்தோடு ரோட்டிலேயே நின்றுகொண்டார். “நீ உள்ளே போய் எல்லாம் பண்ணிட்டு வாம்மா. நான் இங்கிருந்து நேரம் பார்க்கறேன்” என்றார். மற்ற அதிகாரிகளும் அவரோடு நின்று பந்தல் காலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மேளம் கொட்டினார்கள். மூன்று பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். ஒத்திகைக்கே என்ன சிரத்தை என்று எனக்கு மெய்சிலிர்த்தது. தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “வாங்க கவர்னரம்மா, வலது கால எடுத்து வச்சு வாங்க” என்றார். நாடாவை வெட்டினேன். குலவை போட்டார்கள். உள்ளே சுண்ணாம்பு வாசம், ஆறு கட்டில், புதுப் படுக்கை. பின்கட்டில் மூன்று செங்கல் வைத்துப் புதுப்பானை ஏற்றியிருந்தது. ஒரு அம்மாள் பால் செம்பை என் கையில் கொடுத்து, “ஊத்துங்கம்மா” என்றாள்.

நிரலில் பால் இல்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் கை செம்பை வாங்கிவிட்டது, வாயும் பழக்கத்தில் பிஸ்மி சொல்லிவிட்டது. ஊற்றினேன். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. மறுபடியும் குலவை. தலைவர் அந்தத் துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, இது ஒத்திகைதானுங்களே?” என்றேன்.

“ஒங்களுக்கு ஒத்திகைம்மா. எங்களுக்கு இதுதேன் தெறப்பு” என்றார் அவர், ஒரு சங்கடமும் இல்லாமல். “வெள்ளிக்கெழம சுத்த ராகுகாலத்துல தெறந்தா, இந்த ஆஸ்பத்திரிக்குள்ள எந்தப் பொம்பள புள்ள பெக்க வருவா? எம்மகளே வர மாட்டா. அந்தா நிக்கிறா பாருங்க, நெறமாசம். இன்னக்கி புதன். பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாக. நல்ல நேரத்துல நீங்களா வந்து எறங்குனீங்க. நாங்க விட்டுருவமா?”

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டு எட்டு அடியாக நடந்து வெளியே வந்துவிட்டேன்.

“பதினாலு நிமிஷம். ஒரு விநாடி பிசகலை!” என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டினார்.

“நாடாவை வெட்டிட்டேன் சார்.”

“அதுக்குத்தான் பையில கண்டு வச்சிருக்கேன். வேற கட்டச் சொல்லு.”

பால் காய்ச்சியதைச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் தாசில்தார் நின்றார். சனிக்கிழமை ஞாபகம் வந்தது, வத்தலக்குண்டு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போதும் அதே கார், அதே பின் சீட்டு, ஆனால் தெரு எதையும் நான் பார்க்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்?

வெள்ளிக்கிழமை காலை, கவர்னருக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே செயலாளரின் ஜீப் அந்தக் கிராமத்துக்குப் போனது. ஏதாவது மாற்றம் வந்தால் அங்கேயே அடிக்க வேண்டும் என்று சின்ன டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். தாசில்தார் ஏற்கெனவே அங்கே இருந்தார். புது நாடா, புது வாழைமரம், சாக்பீஸ் வட்டம், எல்லாம் ஜோர். செயலாளர் ஒரு முறை சுற்றிப் பார்த்து, திருப்தியாக இருமல் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டார்.

அப்போது நாடாவுக்கு அந்தப்பக்கம், மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம். குவா, குவா.

மிட்டாய் அவர் தொண்டையில் நின்றது. “உள்ளே யாரு?”

“எம் பேத்திங்க” என்றார் தலைவர், முகமெல்லாம் பல்லாக. “நேத்து விடியக்கால பொறந்துச்சு. ஒரு சிரமமில்ல. இந்த ஆஸ்பத்திரிக்கு மொதப் புள்ள!”

“திறக்காத ஆஸ்பத்திரியில எப்படிய்யா பிரசவம் பார்த்தீங்க?”

“தெறந்தாச்சுங்களே! கவர்னரம்மா தெறந்து வச்சாகளே, புதங்கெழம. இந்தா நிக்கிறாக!”

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நர்சம்மா வேறு பயந்துபோய்ப் பிரசவப் பதிவேட்டை எடுத்து வந்து நீட்டினாள். முதல் பக்கம், முதல் வரி, வியாழக்கிழமை, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று மசியால் எழுதியிருந்தது. தாசில்தார் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகாதது அதிசயம்.

“சாயங்காலமே உன்னை ரிலீவ் பண்றேன்” என்று பல்லைக் கடித்தார். பிறகு செயலாளரிடம் குழைந்தார். “சார், பின்வாசல் இருக்கு. தாயையும் பிள்ளையையும் கட்டிலோட தூக்கிடலாம். பத்து நிமிஷம் தோப்புல வச்சிருந்தா போதும்.”

முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், அழுகிற பிள்ளையை எதில் மறைப்பது? ஆனால் நான் அதை நினைக்கும்போதே எனக்குத் தூணைப் பிடித்து நின்ற அந்தச் சிரிப்புதான் முன்னால் வந்தது. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

“தூக்க வேண்டாம் சார். பச்ச ஒடம்பு. நான்தான் திறந்தேன். பால் காய்ச்சினேன். பயந்துகிட்டு உங்ககிட்ட மறைச்சிட்டேன். என்னை வேலையை விட்டு எடுத்துக்கட்டும், அவங்களை அசைக்க வேண்டாம்.” சொல்லி முடித்தபோது எனக்கு அழுகையும் வந்தது, பாரம் இறங்கின நிம்மதியும் வந்தது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தூரத்தில் புழுதி தெரிந்தது. “இன்னும் ரெண்டு நிமிஷம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். கார் வந்து நின்றது. கதவைத் திறக்காமல் ஜன்னலில் குனிந்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. உள்ளேயிருந்து ஒரு வெடிச்சிரிப்பு கேட்டது.

கவர்னர் இறங்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது தோளைத் தூக்கிக்கொண்டு, எட்டு அடிக்கு ஒரு தரம் நின்று வலது பக்கம் தலையாட்டிக்கொண்டு வந்தார். அடக்கடவுளே, அப்படியே நான்! எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு முட்டியது. சாக்பீஸ் வட்டத்தில் வந்து நின்றதும் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“புதன்கிழமை நீ எப்படி நடந்து போனேன்னு கவர்னர் பார்க்கணுமாம்.”

“இப்பவா சார்?”

“நிரல்ல ஒரு நிமிஷம் தர்றேன்.”

கலெக்டர் பார்க்கிறார். தாசில்தார் பார்க்கிறார். ஊரே பார்க்கிறது. போகிற வேலை போகட்டும் என்று கையைப் பின்னால் கட்டினேன். தோளைத் தூக்கினேன். எட்டடி நடந்து நின்று, வலது பக்கம் திரும்பித் தலையாட்டினேன். அங்கே நின்றது தாசில்தார். அவரும் பழக்கதோஷத்தில் கும்பிடு போட்டுவிட்டார்!

கவர்னர் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று மார்பில் தொங்கியது. செயலாளர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டினார். கவர்னர் அதைத் தொடவில்லை. திறந்த வீட்டை இன்னொரு தரம் திறப்பானேன் என்று சொன்னதாகச் செயலாளர் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டுக் கவர்னர் குனிந்து நாடாவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனார். அவர் குனிந்தால் மற்றவர்கள் நிமிர்ந்து போக முடியுமா? கலெக்டர் குனிந்தார், டாக்டர் குனிந்தார். தாசில்தார் தொப்பையோடு மூன்று முறை முயன்று நான்காவது முறை நுழைந்தார். நான்தான் அவருக்கு நாடாவைத் தூக்கிப் பிடித்தேன்.

“ராகுகாலத்துல கத்தரி படல பாத்தீகளா! மகராசன்” என்று தலைவர் என் காதில் சொன்னார்.

உள்ளே குழந்தை கவர்னர் மடிக்குப் போயிற்று. இரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தது எட்டு நிமிடம் ஆனது. செயலாளர் பதறவே இல்லை. “மெஷினை எடும்மா” என்றார். ஜன்னல் திண்டில் வைத்துத் திருத்தம் அடித்தேன். அணையில் தேநீர் ரத்து, வரவேற்புரை இரண்டில் ஒன்று ரத்து. கவர்னர் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தபோது, அவர் வாய் திறக்கும் முன்னாலேயே காகிதம் கையில் இருந்தது. ‘அடுத்து என்ன?’ என்று அவர் கேட்கவே இல்லை.

சாயங்காலம் கவர்னர் போனபிறகு அணை பங்களாத் தாழ்வாரத்தில் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். தாசில்தார் பக்கத்திலேயே நின்றார், ரிலீவ் ஆர்டரை நானே அடிக்கும்படி சொல்லப்போகிறார் என்றுதான் காகிதத்தைச் செருகினேன்.

“கலெக்டருக்கு ஒரு லெட்டர்” என்று செயலாளர் சொல்ல ஆரம்பித்தார். முதல் பாராவில் ஏற்பாடுகளுக்கு நன்றி. இரண்டாம் பாராவில் ‘தாலுகா ஆபீஸ் தற்காலிக டைப்பிஸ்ட்’ என்று ஒருத்தியைப் பற்றி வந்தது. யாரோ என்று அடித்துக்கொண்டே போனேன். பாதி வரியில்தான் அது நான் என்று புரிந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘மேற்படி டைப்பிஸ்ட் தம் சொந்த வேலையோடு, புதன்கிழமை பதினான்கு நிமிடம் கவர்னரின் இடத்திலும் இருந்தார். அவர் செய்து முடித்தபின் தாம் செய்ய மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை என்று கவர்னர் தெரிவிக்கச் சொல்கிறார். இவரை இழக்க வேண்டாம்.’

‘டிங்’ என்றது மெஷின். நான் மெஷின் மேலேயே தலையை வைத்து அழுதுவிட்டேன். செயலாளர் பையிலிருந்து இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்தார். “என்கிட்ட மறைச்சது தப்பு. ஆனா கேட்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்டே. அதுவும் இந்த வேலைதான்மா” என்றார்.

சனிக்கிழமையே என் வேலையை நீட்டித்து உத்தரவு வந்தது. அதோடு அந்தக் கடிதத்தின் கார்பன் காப்பியையும் அத்தாவிடம் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். சம்பந்தம் வேண்டாம் என்று அன்றைக்கே வத்தலக்குண்டுக்கு ஆள் அனுப்பினதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை நான் வாசலுக்கு வந்தபோது அத்தா எனக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் என் குடை. “பேச்சு மாறக் கூடாதுல்ல” என்று சொல்லி, அதைத் தன் கையாலேயே விரித்து என்னிடம் கொடுத்தார். எதிர்ச்சாரியில் நாலு ஜன்னலும் திறந்தன.